மெயில் ரூட்டிங் அமைப்பதும் லூப் வராமல் காப்பதும்: போஸ்ட்ஃபிக்ஸ் முழுமையான வழிகாட்டி

ஒரு மெயில் இரண்டு சர்வர்களுக்கு நடுவே போய் வந்துகொண்டே இருக்கிறது என்றால், அந்த முகவரிக்கு இரண்டில் எதுவும் சொந்தம் கொண்டாடவில்லை என்று பொருள். "இது என் வீட்டுக் கடிதம் இல்லை, அடுத்த வீட்டில் கேள்" என்று முதல் சர்வர் அனுப்புகிறது. அடுத்த சர்வரும் அதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறது. லூப் என்பது இவ்வளவுதான். ஆகவே ரூட்டிங் எழுத உட்காரும்போது முதல் கேள்வி "எங்கே அனுப்புவது" அல்ல, "இது யாருடையது" என்பதே. ஒவ்வொரு முகவரிக்கும் முடிவான வீடு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அந்த வீட்டில் இல்லாத பெயருக்கு மெயில் வந்தால் அதை வேறெங்கும் தள்ளிவிடாமல் அங்கேயே மறுக்க வேண்டும்.

பெரும்பாலான அலுவலகங்களில் காணப்படும் அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்வோம். வெளியுலகிலிருந்து மெயில் வாங்கும் கேட்வே ஒன்று, உள் முகவரி 10.0.0.10. ஃபயர்வால் 203.0.113.10 என்ற பொது முகவரிக்கு வருவதை அதற்குத் திருப்பிவிடுகிறது. உள்ளே மெயில்பாக்ஸ்கள் இருக்கும் சர்வர் 10.0.0.20. டொமைன், அலுவலகம்.எக்ஸாம்பிள். இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. அளவுருக்களையும் ஆணைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பு வடிவில் தந்திருக்கிறோம். கோப்பில் எழுதும்போது அவற்றின் ஆங்கில மூல வடிவம்தான் வேண்டும்.

படி 1: தாளில் எழுதுங்கள்

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: டொமைன், முடிவான வீடு, வழியில் கடத்திவிடும் சர்வர்கள். துணை டொமைன்கள், பழைய பெயர்கள், சர்வர்களின் சொந்தப் பெயர்கள் எல்லாம் அதில் வர வேண்டும். எந்த வரியிலாவது "முடிவான வீடு" பத்தியில் இரண்டு பெயர் எழுதத் தோன்றினால், லூப் அங்கிருந்துதான் வரப்போகிறது. அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: டிஎன்எஸ்

டிஎன்எஸ் என்பது பெயர்களுக்கு முகவரி சொல்லும் இணைய அட்டவணை. அதில் டொமைனின் எம்எக்ஸ் பதிவு (மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்வது) கேட்வேயின் பெயரைக் காட்ட வேண்டும். அந்தப் பெயருக்கு ஏ பதிவு (பெயரின் ஐபி முகவரியைச் சொல்வது) இருக்க வேண்டும். எம்எக்ஸில் நேரடியாக ஐபி முகவரி எழுதக் கூடாது. அந்தப் பெயர் சிநேம் (வேறு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) ஆகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு எம்எக்ஸுக்கும் ஓர் எண் உண்டு, சிறிய எண்ணுக்கே முன்னுரிமை: 10 இருக்கும்வரை 20-ஐ யாரும் தேட மாட்டார்கள். எம்எக்ஸ் பதிவே இல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் உங்கள் டொமைனின் ஏ பதிவை நோக்கி வரும். வெப்சைட் ஓடும் சர்வரில் திடீரென மெயில் வந்து நிற்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

எம்எக்ஸ் என்பது வெளியாருக்கான வழிகாட்டிப் பலகை. உங்கள் சொந்த சர்வர்கள் உங்கள் சொந்த டொமைனுக்கு அதைப் பார்த்து நடக்கக் கூடாது. கேட்வே எம்எக்ஸைப் பார்த்தால் அதில் இருப்பது கேட்வேயின் பெயரேதான்.

படி 3: கேட்வே

வந்த முகவரியின் டொமைன் எந்த வகை என்று போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் முடிவு செய்கிறது. வகைகள் ஐந்து: லோக்கல் (மைடெஸ்டினேஷன்; சர்வரின் சொந்தக் கணக்குகள்), வர்ச்சுவல் ஏலியஸ் (வேறு முகவரிக்கு மாற்றுவது), வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் (பட்டியலில் உள்ள பெட்டிகளில் சேர்ப்பது), ரிலே (வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்துவது), இவை எதிலும் சேராத மற்றவை. ஒரு டொமைன் இவற்றில் ஒரே பட்டியலில்தான் இருக்க வேண்டும். இரண்டில் இருந்தால் லாகில் (சர்வரின் செயல்பதிவில்) எச்சரிக்கை வரும். அது எளிதில் கண்ணில் படாது. கேட்வேயைப் பொறுத்தவரை நம் டொமைன் ரிலே வகை. போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில்:

மைஹோஸ்ட்நேம் = கேட்வே.அலுவலகம்.எக்ஸாம்பிள்
மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், லோக்கல்ஹோஸ்ட்
ரிலே_டொமைன்ஸ் = அலுவலகம்.எக்ஸாம்பிள்
ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரெசிபியன்ட்ஸ்
டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்
பிராக்ஸி_இன்டர்ஃபேசஸ் = 203.0.113.10
மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8, 10.0.0.20/32

டிரான்ஸ்போர்ட் கோப்பில் ஒரே வரி:

அலுவலகம்.எக்ஸாம்பிள்   ரிலே:[10.0.0.20]:25

ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

மைஹோஸ்ட்நேமில் வெறும் டொமைனை எழுதிவிட்டால், மைடெஸ்டினேஷன் வழியாக அந்த டொமைன் முழுவதும் கேட்வேக்குச் சொந்தம் ஆகிவிடும். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் "அப்படி ஒருவர் இல்லை" என்று 550 (நிரந்தர மறுப்பு எண்) போகும். மைடெஸ்டினேஷனில் $மைடொமைன் சேர்த்தாலும் இதேதான் நடக்கும்.

சதுர அடைப்புக்குறி அலங்காரத்துக்கு அல்ல. "எம்எக்ஸ் தேடாதே, இந்த முகவரிக்கே நேராகப் போ" என்பது அதன் பொருள். அங்கே அடைப்புக்குறி இல்லாமல் ஒரு பெயரைப் போட்டால், அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் இருக்கிறதா என்று போஸ்ட்ஃபிக்ஸ் தேடும். இருந்து, அது கேட்வேயையே காட்டினால், மெயில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்.

கோப்பைத் திருத்தியபின் "போஸ்ட்மேப் டிரான்ஸ்போர்ட்" ஓட்ட மறந்தால் பழைய அட்டவணையே நடப்பில் இருக்கும். ஹேஷ் வகை இல்லாத புதிய லினக்ஸ் வெளியீடுகளில், "போஸ்ட்கான்ஃப் -எம்" காட்டும் வகைகளில் ஒன்றைப் போடுங்கள்.

பிராக்ஸி_இன்டர்ஃபேசஸ் வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எம்எக்ஸ் பட்டியலில் இருப்பது தானா என்று தெரிந்துகொள்ள, போஸ்ட்ஃபிக்ஸ் தன் இன்டர்ஃபேஸ் முகவரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு 10.0.0.10 மட்டுமே தெரியும், 203.0.113.10-ம் தானே என்று தெரியாது. அதனால் தனக்குத் தானே மெயில் அனுப்பும், ஃபயர்வால் அதைத் திருப்பிவிடும், மறுபடி வாங்கி மறுபடி அனுப்பும். இந்த ஒரு வரி இருந்தால் முதல் சுற்றிலேயே கண்டுபிடித்து, "லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்" என்ற செய்தியோடு நிறுத்திவிடும். அந்தப் பிழையைக் கண்டு கவலைப்பட வேண்டாம். கியூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை) நிரம்பும் முன்பே "இந்த டொமைனை எந்தப் பட்டியலிலும் போடவில்லை, ஆனால் எம்எக்ஸில் என் பெயர் இருக்கிறது" என்று சர்வர் உங்களிடம் சொல்கிறது.

இதே செய்தி இன்னொரு காரணத்தாலும் வரும். ஒரு விர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்து இரண்டாவது சர்வர் ஆக்கியவர்கள் மைஹோஸ்ட்நேமை மாற்ற மறந்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் தன் பெயரையே சொல்லி வணக்கம் வைப்பதைக் கேட்டதும், தன்னிடமே பேசுகிறோம் என்று போஸ்ட்ஃபிக்ஸ் முடிவுகட்டிவிடும். ரூட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் மெயில் போகவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

ரிலேஹோஸ்ட் பற்றி: வெளியே போகும் மெயிலுக்காகச் சேவை நிறுவனத்தின் ஸ்மார்ட்ஹோஸ்ட் (உங்கள் மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் சர்வர்) ஒன்றை ரிலேஹோஸ்டில் போட்டிருந்தால், டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் இல்லாத ரிலே டொமைன்களும் அந்த வழியிலேயே போகும். புதிதாக ஒரு டொமைனை ரிலே_டொமைன்ஸில் சேர்த்துவிட்டு டிரான்ஸ்போர்ட் வரியை மறந்தீர்கள் என்று வையுங்கள். உள்ளே வர வேண்டிய மெயில் ஸ்மார்ட்ஹோஸ்டுக்குப் போகும். அது எம்எக்ஸைப் பார்த்து உங்கள் கேட்வேக்கே திருப்பும். இரண்டு வரியையும் எப்போதும் ஜோடியாகவே சேர்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 4: இல்லாத முகவரியை வாசலிலேயே மறுப்பது

ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ் காலியாக இருந்தால், அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் கேட்வே வாங்கிக்கொள்ளும். பிறகு மெயில்பாக்ஸ் சர்வர் மறுக்கும்போது, பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்று அனுப்புநருக்குத் திரும்பும் அறிவிப்பு) எழுதும் பொறுப்பு கேட்வே தலையில் விழும். ஸ்பேம் மெயில்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. ஆகவே அந்தப் பவுன்ஸ்கள் சம்பந்தமே இல்லாதவர்களுக்குப் போய், உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும்.

செல்லுபடியாகும் முகவரிகளின் பட்டியலைக் கேட்வேயில் வைத்திருப்பதே நல்லது. அது முடியாவிட்டால் ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரெசிபியன்ட் போடலாம்: கேட்வே ஒவ்வொரு புதிய முகவரியையும் மெயில்பாக்ஸ் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் இயல்பான மறுப்பு எண் 450, அதாவது தற்காலிக மறுப்பு. எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியானபின் அன்வெரிஃபைட்_ரெசிபியன்ட்_ரிஜெக்ட்_கோட் = 550 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அனுப்பியவர் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பார்.

படி 5: மெயில்பாக்ஸ் சர்வர்

இங்கே டொமைன் வர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ் பட்டியலில் இருக்கும், பெயர்கள் வர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_மேப்ஸில். வெளியே அனுப்ப ரிலேஹோஸ்ட் = [10.0.0.10]:25.

லூப் பிறப்பது அநேகமாக இந்த சர்வரில்தான். "இங்கே இல்லாத பெயருக்கு வந்தால் கேட்வேக்கு அனுப்பு" என்ற பொருளில் ஏதாவது ஒன்று எங்காவது எழுதப்பட்டிருக்கும்: டொமைன் லோக்கல் வகையில் இருந்தால் லூசர்_ரிலே, ஃபால்பேக்_டிரான்ஸ்போர்ட்; எந்த வகையிலும் டொமைன் முழுவதற்குமான ஏலியஸ். அல்லது டொமைனையே பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார்கள். அப்போது அது "மற்றவை" வகையில் விழுந்து, ரிலேஹோஸ்ட் வழியாகக் கேட்வேக்குப் போகும். கேட்வே டிரான்ஸ்போர்ட் அட்டவணையைப் பார்த்து இங்கேயே திருப்பும். முடிவான வீட்டில் இல்லாத முகவரிக்குப் பதில் ஒன்றுதான்: 550 5.1.1, அதாவது "அப்படி ஒருவர் இல்லை".

படி 6: பாதி உள்ளே, பாதி கிளவுடில்

ஒரே டொமைனில் சிலருடைய மெயில்பாக்ஸ் உள் சர்வரிலும் சிலருடையது கிளவுடிலும் இருக்கும் நிலை இப்போது மிகவும் சாதாரணம். லூப்புகளில் மோசமானவை இங்கிருந்துதான் வருகின்றன. மைக்ரோசாஃப்டின் கிளவுட் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் டொமைனை "இன்டர்னல் ரிலே" என்று வைத்தால், தன்னிடம் இல்லாத முகவரிகளைக் கனெக்டர் (உங்கள் சர்வருக்கு அமைத்த இணைப்பு) வழியாக உங்களிடம் அனுப்பும். நீங்களும் "என்னிடம் இல்லாததெல்லாம் கிளவுடுக்கு" என்று எழுதியிருந்தால், எழுத்துப்பிழையோடு வரும் ஒவ்வொரு முகவரியும் ஒரு லூப். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை இரு பக்கமும் நீக்கிய அன்று அந்தப் பெயருக்கு வரும் மெயிலும் அப்படியே. எக்ஸ்சேஞ்ச் பக்கம் இது 5.4.14 அல்லது 5.4.6 என்ற எண்ணோடு "ஹாப் கவுன்ட் எக்ஸீடட்" (மெயில் கடந்த சர்வர்களின் எண்ணிக்கை எல்லை தாண்டியது) என்று தெரியும்.

"தெரியாததை அடுத்தவரிடம் தள்ளு" என்ற உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருக்கலாம். மற்றப் பக்கம் முழு அதிகாரத்தோடு மறுக்க வேண்டும். உள் சர்வர் முடிவான வீடு என்றால், கிளவுடில் இருப்பவர்களை அங்கே பெயர் பெயராக எழுதுங்கள், வர்ச்சுவல்_ஏலியஸ்_மேப்ஸில்:

கவிதா@அலுவலகம்.எக்ஸாம்பிள்   கவிதா@கிளவுட்.அலுவலகம்.எக்ஸாம்பிள்

கிளவுட் என்ற அந்தத் துணை டொமைனின் எம்எக்ஸ் கிளவுடையே காட்ட வேண்டும். கிளவுடிலும் கவிதாவுக்கு அந்த இரண்டாம் முகவரி இருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் ஆளுக்கொரு வரி எழுதுவதைவிட இது மேல். ஏலியஸ் வரி, முகவரி உண்டு என்பதையும் சொல்கிறது, வழியையும் சொல்கிறது. டிரான்ஸ்போர்ட் வரி வழியை மட்டுமே சொல்லும். தவிர, முகவரியே மாறிவிடுவதால், மெயில் தற்செயலாகத் திரும்பி வந்தாலும் பழைய வட்டத்துக்குள் விழாது.

படி 7: பேக்கப் எம்எக்ஸ்

பேக்கப் எம்எக்ஸ் என்பது முதன்மை சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் இரண்டாம் சர்வர். முதலில் ஒரு வார்த்தை: பெரும்பாலானோருக்கு இது தேவையில்லை. மெயில் அனுப்பும் நெறிமுறையின் ஆவணமான ஆர்எஃப்சி 5321-இன்படி அனுப்பும் சர்வர் குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பும் 5 நாள்தான். உங்கள் சர்வர் ஓர் இரவு படுத்தால் மெயில் தொலைந்துவிடாது. சரியாகக் கவனிக்காத பேக்கப் எம்எக்ஸ் ஸ்பேமுக்குத் திறந்த பின்வாசல் ஆகிவிடும்.

கட்டாயம் வேண்டும் என்றால், பேக்கப் சர்வரில் டொமைன் ரிலே_டொமைன்ஸில் மட்டும் இருக்கட்டும், முகவரிப் பட்டியலும் அங்கே இருக்கட்டும். 20 என்ற எண்ணில் தன்னைக் கண்டதும், அதே எண்ணும் அதைவிடப் பெரிய எண்ணும் உள்ள எம்எக்ஸ்களை போஸ்ட்ஃபிக்ஸ் தள்ளிவிட்டு 10-ஐ மட்டும் முயலும். பேக்கப்கள் ஒன்றுக்கொன்று மெயிலை மாற்றிக்கொண்டிருக்காமல் காப்பது இந்த விதிதான். ஆனால் பட்டியலில் தன்னை அடையாளம் கண்டால்தான் விதி வேலை செய்யும். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் இங்கும் பிராக்ஸி_இன்டர்ஃபேசஸ் கட்டாயம். இல்லாவிட்டால், முதன்மை சர்வர் படுத்த அன்று லூப் தொடங்கும்.

படி 8: ஃபில்டர்

ஸ்பேம், வைரஸ் சோதிக்கும் அமாவிஸ் போன்ற ஃபில்டருக்கு 10024 போர்ட்டில் மெயில் போய், 10025-இல் திரும்பி வருவது வழக்கம். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் 10025-க்கான பகுதியில் "-ஓ கன்டென்ட்_ஃபில்டர்=" என்று காலி மதிப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால், ஃபில்டரிலிருந்து வந்தது மறுபடி ஃபில்டருக்கே போகும். ஒரே கணினிக்குள் லூப்.

படி 9: ஹாப் எண்ணிக்கைக்குச் சிக்காத லூப்புகள்

மெயில் கடக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு ரிசீவ்ட் ஹெடரை (மெயிலின் மேலே வரும் தகவல் வரி) சேர்க்கிறது. அவற்றின் எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் "டூ மெனி ஹாப்ஸ்" என்று மறுப்பு வரும். போஸ்ட்ஃபிக்ஸில் எல்லை 50, எக்ஸிமில் 30, சென்ட்மெயிலில் 25. இந்த எல்லையை உயர்த்தி லூப்பைத் தீர்க்க முடியாது; சுற்று நீளும், அவ்வளவுதான்.

தானியங்கிப் பதில்கள் இந்த வலைக்குள் சிக்குவதே இல்லை. "விடுப்பில் இருக்கிறேன்" என்ற பதில் முற்றிலும் புதிய மெயில். அதன் ஹாப் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டு நிறுவனங்களின் புகார்ப் பதிவு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று சொல்லத் தொடங்கினால், யாராவது நிறுத்தும்வரை நிற்காது. தடுக்கும் முறையை 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 சொல்கிறது. உறை அனுப்புநர் (ரிட்டர்ன்-பாத்) காலியாக வந்த மெயிலுக்குப் பதில் எழுதாதே. ஆட்டோ-சப்மிட்டட் ஹெடரில் "நோ" தவிர வேறு எது இருந்தாலும் எழுதாதே. லிஸ்ட்-ஐடி (மெயிலிங் லிஸ்டின் அடையாள ஹெடர்) இருந்தால் எழுதாதே. நீ எழுதும் பதிலில் "ஆட்டோ-சப்மிட்டட்: ஆட்டோ-ரிப்ளைட்" சேர், அதன் உறை அனுப்புநரைக் காலியாக வை. ஒரே ஆளுக்கு ஒரே பதிலைச் சில நாளுக்கு ஒருமுறை மட்டும் அனுப்பு. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி ஆட்டோ-ரிப்ளை வைத்திருப்பவர்கள் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

பவுன்ஸ் மெயிலின் உறை அனுப்புநர் காலியாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: பவுன்ஸுக்குப் பவுன்ஸ் கிடையாது. அந்தக் காலியிடத்தில் வேறு முகவரியை நிரப்பும் எந்த ஃபில்டரையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 10: சோதனை

மாற்றம் செய்யும் நேரத்தில் மெயின்.சிஎஃப்பில் சாஃப்ட்_பவுன்ஸ் = எஸ் போடுங்கள். நிரந்தர மறுப்புகள் தற்காலிக மறுப்பாக மாறும். உங்கள் தவறால் யாருடைய மெயிலும் திரும்பிப் போகாது. வேலை முடிந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

"போஸ்ட்மேப் -கியூ அலுவலகம்.எக்ஸாம்பிள் ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்" என்று கேட்டால் "ரிலே:[10.0.0.20]:25" என்று விடை வர வேண்டும். "சென்ட்மெயில் -பிவி முகவரி" என்றால் மெயில் அனுப்பாமலே வழியைச் சோதித்து உங்களுக்கு அறிக்கை வரும். பிறகு வெளியிலிருந்து, நம் நெட்வொர்க்கில் இல்லாத ஓர் இடத்திலிருந்து, மூன்று மெயில்: உள் சர்வரில் இருப்பவருக்கு, கிளவுடில் இருப்பவருக்கு, யாருமே இல்லாத பெயருக்கு. மூன்றாவதுதான் முக்கியம். நல்ல முகவரிகள் லூப்பை மறைத்து வைக்கும்; இல்லாத பெயர்தான் அதை வெளியே இழுத்துப் போடும்.

லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது

கியூவை அழிக்காதீர்கள். அதில் மக்களின் கடிதங்கள் இருக்கின்றன. "போஸ்ட்சூப்பர் -ஹெச் ஆல்" (ஹெச் சிறிய எழுத்து) எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். இரண்டு சர்வர்களிலும் செய்யுங்கள். "போஸ்ட்கியூ -பி" ஓட்டிப் பட்டியலில் ஒன்றை எடுத்து, "போஸ்ட்கேட் -கியூ" கொண்டு அதன் ஹெடரைப் பிரித்துப் பாருங்கள். இப்படி இருக்கும்:

ரிசீவ்ட்: 10.0.0.20-இலிருந்து கேட்வே வாங்கியது, 10:42:08
ரிசீவ்ட்: 10.0.0.10-இலிருந்து மெயில்பாக்ஸ் வாங்கியது, 10:42:07
ரிசீவ்ட்: 10.0.0.20-இலிருந்து கேட்வே வாங்கியது, 10:42:07
ரிசீவ்ட்: 10.0.0.10-இலிருந்து மெயில்பாக்ஸ் வாங்கியது, 10:42:06
ரிசீவ்ட்: வெளி சர்வரிலிருந்து கேட்வே வாங்கியது, 10:42:05

கீழிருந்து மேலாகப் படியுங்கள். கீழே முதல் இரண்டு வரி இயல்பானவை: வெளியிலிருந்து கேட்வே, அங்கிருந்து மெயில்பாக்ஸ். மூன்றாவது வரிதான் குற்றவாளி: முடிவான வீடு மெயிலை வெளியே விட்டிருக்கிறது. ஆக, பார்க்க வேண்டியது மெயில்பாக்ஸ் சர்வரின் "போஸ்ட்கான்ஃப் -என்" விடையை, கேட்வேயுடையதை அல்ல. லாகில் மெசேஜ்-ஐடியை வைத்துத் தேடினாலும் தெரியும்: சுற்று எத்தனை ஆனாலும் அது மாறுவதில்லை.

திருத்தியபின் "போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்". அடுத்து மெயில்களை எப்படி விடுவிப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிரான்ஸ்போர்ட் அட்டவணையை போஸ்ட்ஃபிக்ஸ் விநியோக நேரத்தில்தான் பார்க்கிறது. திருத்தம் அதில் மட்டும் என்றால் "போஸ்ட்சூப்பர் -ஹெச் ஆல்" (இம்முறை ஹெச் பெரிய எழுத்து) போதும். ஏலியஸ் வரிகளோ மெயில் கியூவுக்குள் நுழையும்போதே பிரிக்கப்பட்டுவிட்டன. அங்கே திருத்தியிருந்தால் "போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல்" ஓட்டி, மெயில்களை மறுபடி முதலிலிருந்து நுழைய வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் "சரிசெய்தும் லூப் நிற்கவில்லையே" என்று குழம்புகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் விடாதீர்கள். ஒரு கியூ ஐடியை மட்டும் விடுவித்து, லாகில் அது மெயில்பாக்ஸில் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பத்து, பிறகு மீதி. 40 ஹாப்பைத் தாண்டிய மெயில்கள் வீட்டு வாசல்வரை வந்து எல்லையில் முட்டக்கூடும். அவற்றுக்காக ஹாப்கவுன்ட்_லிமிட்டைச் சில நிமிடங்கள் உயர்த்துவது நியாயம்தான், கியூ காலியானதும் 50-க்கே கொண்டுவந்துவிடுங்கள். சாஃப்ட்_பவுன்ஸையும் அப்போதே எடுத்துவிட்டு, யாருமே இல்லாத அந்தப் பெயருக்கு வெளியிலிருந்து இன்னொரு மெயில் அனுப்புங்கள். அனுப்பிய பக்கத்தில் சில விநாடிக்குள் 550 தெரிய வேண்டும்.